என் வாரத்து முறைவாசல்

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது எல்லாவற்றையும் பிரித்தார்கள். அண்டா குண்டான், நெல் குதிர், மாட்டுக் கொட்டகை, கொல்லையில் நின்ற தென்னை மரங்கள் எல்லாம் இரண்டாயின. நீளமான ஓட்டு வீட்டின் நடுவே ஒரு சுவர் எழுப்பி, ஆளுக்கொரு தெருக்கதவு வைத்துக்கொண்டார்கள். வாசலை மட்டும் பிரிக்கவில்லை. அறுப்புக் காலத்தில் அங்கேதான் நெல் காய வேண்டும், மாட்டு வண்டி திரும்ப வேண்டும். பாதி வாசலில் வண்டி திரும்பாது. அதனால் வாசல் பொது என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று.

பொது வாசலை யார் கூட்டுவது என்பதற்கும் அன்றைக்கே வழி சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் மூத்தார் வீடு, ஒரு வாரம் நாங்கள். மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை முறை மாறும். முறை வந்தவள் விடிவதற்கு முன்பே எழுந்து வாசலைக் கூட்டி, சாணி கரைத்துத் தெளித்து, கோலம் போட வேண்டும். பட்டணத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு முறைவாசல் என்றால் தெரியும். அங்கே மறந்துபோனால் வீட்டுக்காரம்மா நாலு வார்த்தை கத்துவாள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது அவ்வளவோடு போகிற விஷயமாக இல்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நிலத்துக்குப் போக வேண்டும். என் மாமனார் ஒரு மிராசுதாருடைய நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் கொந்தளித்துக் கிடந்தது. திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கூலி உயர்வு கேட்டுச் சிவப்புக் கொடியோடு ஆட்கள் வரப்பில் நின்றார்கள். குத்தகைக்காரன் பெயர் பதிவாகிவிட்டால் அவனைக் கிளப்ப முடியாது என்று தெரிந்ததும், பதிவாவதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று மிராசுதார்கள் பார்த்தார்கள். அதிகாரி வந்தால் கேட்கிற முதல் கேள்வி, நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதுதான். பத்திரம் யார் பெயரில் என்று பிறகுதான் கேட்பார். ஒரு போகம் தரிசு போட்டால் போதும், இவன் விட்டுவிட்டான் என்று சொல்லி மிராசுதார் வேறு ஆளை இறக்கிவிடுவார். என் கணவர் காய்ச்சலோடு ஏர் பூட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடி போய் மேழியைப் பிடித்தார். "விட்டா போச்சுடி" என்றார். அந்த வார்த்தையை அப்போது முதன்முதலாகக் கேட்டேன். சாகும் வரைக்கும் அவர் அதை விடவே இல்லை.

கடைசியில் பதிவு ஆயிற்று. மாமனார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதால் மூத்தவர் பெயரில் மட்டும் ஆயிற்று. தம்பிக்கு இல்லாததா என்று முதலில் மூத்தார் சொன்னார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. உழுதவர் இவர், பெயர் அவருடையது. அந்தக் கோபத்தில்தான் வீடு பிரிந்தது. எங்களுக்குக் கோயில் நிலம் கொஞ்சம் தனியாகக் குத்தகைக்குக் கிடைத்து, சோற்றுக்குக் குறைவில்லாமல் ஓடியது. ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் பேசாதபோது நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் எப்படிப் பேசுவது? நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

வாசலுக்கும் நிலத்தின் சட்டம்தான் என்று இவர் வைத்துக்கொண்டார். "உன் வாரத்துல ஒரு நாள் நீ கூட்டாம விட்டாலும், வாசல் அவங்க அனுபவம்னு ஆயிடும். நாளைக்கு நம்ம கதவுக்கு வர்ற பாதையே நமக்கு இல்லைம்பான்" என்பார். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. காலை வைக்க ஒரு வாசல் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பிறந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை, இந்த அரை வீடுதான் எனக்கு எல்லாம்.

முதலில் ஒன்றும் சிரமமில்லை. உடம்பு நன்றாக இருந்தது. என் வாரம் வந்தால் எனக்கு வீம்பு வந்துவிடும். அக்கா போன வாரம் போட்ட கோலத்தைவிடப் பெரிதாக இழைக்கோலம் இழுப்பேன். அவள் அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாகப் போடுவாள். பேச்சுதான் இல்லையே தவிர சண்டை நன்றாகவே நடந்தது. தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு விரல்களில் ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற உடம்பு, குளிர் ஏறிவிட்டது என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள். உருவ உருவ வீங்கியது. ஒரு கார்த்திகை மாதக் காலையில் சாணியைக் கரைக்க வாளித் தண்ணீரில் கையை விட்டேன். கத்திவிட்டேன். அந்தக் கத்தல் இரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். கையை வெளியே எடுத்தால் விரல் மடங்கவில்லை, நீட்டினால் நீளவும் இல்லை. இஞ்சிக் கிழங்கு மாதிரி கணுக்கணுவாகக் கிடந்தது என் கை. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால், பிறகு பாதம்.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முடக்குவாதம் என்று பெயர் சொன்னார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். என் கையை அவள் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினாள். அதனால் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

"காலையில எந்திரிச்சா விறைப்பா இருக்குமே, எவ்வளவு நேரம் இருக்கு?"

"வெயில் ஏறுற வரைக்கும் ஒண்ணும் முடியாதும்மா."

"அப்ப வெயில் ஏறின பொறவு வேலைய வச்சுக்குங்க. துணியப் பிழியாதீங்க. ரொம்பக் குனியாதீங்க. எல்லா வேலையையும் ஒரே மூச்சுல இழுத்துப் போட்டுக்காதீங்க. கொஞ்சம் செய்ங்க, உட்காருங்க, அப்பறம் செய்ங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெயில் ஏறின பிறகு வாசல் தெளிப்பதா! இழவு விழுந்த வீட்டு வாசல்தான் வெயில் ஏறின பிறகும் கூட்டாமல் கிடக்கும். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் செய்கிற வேலைகளுக்கு அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. துடைப்பத்தின் அடியில் மூங்கில் கழியைக் கட்டி, கழியின் மேல் பழைய புடவைத் துணியைச் சுற்றிச்சுற்றித் தடிமனாக்கினேன். மெல்லிய பிடியைப் பிடிக்கத்தான் விரலுக்கு உயிர் போகும். தடித்த பிடியை உள்ளங்கையால் அணைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டே கூட்டலாம். தரை துடைக்கக் குந்துவதை விட்டுவிட்டேன். நனைந்த துணியைக் கீழே போட்டுப் பாதத்தால் தள்ளிக்கொண்டே போவேன். பிழிவதற்குப் பதிலாகக் குழாயின் கழுத்தில் துணியைத் தொங்கவிட்டு, அது தானாகச் சொட்டி வடியும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பத்துப்பாத்திரத்தை முதலிலேயே ஊறப்போட்டுவிட்டால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். அதையும் கீழே குந்தாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்ப்பேன். நிறை வாளியைத் தூக்காமல், சக்கரம் வைத்த பலகையில் வைத்துக் காலால் தள்ளுவேன். ஒரு நாள் கூடம், மறுநாள் அடுப்படி, அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை. இப்படி வைத்துக்கொண்ட பிறகு வலி போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் வேலை முடிந்து உட்காரும்போது அழாமல் உட்கார முடிந்தது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கும். யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் "ம்" என்பார்.

வாசல்தான் என்னைக் கொன்றது. அதற்கு ஒரு உபாயமும் இல்லை. கோலப்பொடியை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தால்தான் இழை விழும். என்னால் கிள்ள முடியவில்லை. சின்ன டப்பாவில் ஓட்டை போட்டுத் தட்டித்தட்டிக் கோடு மாதிரி ஏதோ ஒன்று போட்டேன். பார்த்தவர்கள் எல்லாருக்கும் என் உடம்பு இருக்கும் நிலை தெரிந்துபோயிற்று. என் வாரம் வருகிறது என்றாலே முந்தின வியாழக்கிழமையிலிருந்து சோறு இறங்காது. வெள்ளன எழுந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரல் கொஞ்சம் இளகுவதற்குள் கிழக்கே வெளுத்துவிடும். இவர் பின்னால் வந்து நிற்பார்.

"இன்னும் கதவே தொறக்கலியா?"

"கை வரலைங்க."

"அவங்க வீட்டுல எழுந்தாச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"அப்ப நீங்க கூட்டுங்களேன்!" என்று ஒரு நாள் கத்தினேன். முகம் செத்துப்போய் நின்றார். ஆண்பிள்ளை துடைப்பத்தோடு தெருவாசலில் நிற்பதா? செய்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் இருட்டோடு போய் வாளித் தண்ணீரை வாசலில் அப்படியே கொட்டிவிட்டு, யாரோ இருமுகிற சத்தம் கேட்டதும் ஓடி வந்துவிட்டார். வாசல் முழுக்கச் சேறு. அதையும் நான்தான் தள்ளினேன்.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். முன்பெல்லாம் பண்ணையில் வேலை செய்கிறவன் பெண்சாதி, கூலி கேட்காமல் பண்ணை வீட்டு வாசலையும் கொட்டகையையும் கூட்டிவிட்டுப் போக வேண்டும். கொடி பிடித்த வருஷங்களில் பண்ணையாட்கள் தெருப் பெண்கள் அதை நிறுத்திவிட்டார்கள். வயலுக்கு வருவோம், நடுவோம், அறுப்போம், அதற்குக் கூலி. வீட்டு வாசலைக் கூட்ட எந்த வீட்டுக்கும் வரமாட்டோம் என்றார்கள். அதில் என்ன தப்பு? என் வாசலை நானே கூட்டுவதற்கு எனக்கு வலிக்கிறது, அடுத்தவள் வாசலைக் கூட்டியவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு மார்கழியில் அது நடந்தது. என் வாரம். முந்தின நாள் முழுக்கக் காய்ச்சல், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. தாமதமாக எழுந்து, பதறிப்போய்க் கதவைத் திறந்தால், வாசல் கூட்டிச் சாணி தெளித்துப் பளிச்சென்று கிடக்கிறது. நடுவில் கோலம். பெரியது இல்லை, சின்னதாக நாலு இழை. அக்காவின் கை அது, எனக்குத் தெரியாதா. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எனக்கு அந்த மூன்றாம் நாள் காலையில் என்ன தோன்றியது என்று சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். யாரோ ஒருத்திக்கு நான் படுகிற பாடு தெரிந்திருக்கிறது என்று அழுதேன்.

இவருக்குத் தோன்றியது வேறு. கொல்லைப்புறம் வழியாகக் குளத்துக்குப் போகிறவர், அன்றைக்குத் தெருவழியாகப் போகக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னிக்கிலேருந்து நடக்குது இது?"

"மூணு நாளா."

"மூணு நாள் நம்ம முறையில அவ கூட்டியிருக்கா, நீ பாத்துக்கிட்டு இருந்தியா? அனுபவத்தக் காட்டுறாங்கடி! நெலத்துல செஞ்சத வாசல்லயும் செய்யிறான்!"

நான் தடுப்பதற்குள் வாசலில் இறங்கி நின்று அண்ணன் வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். தெருவில் கதவுகள் திறந்தன. மூத்தார் வெளியே வரவில்லை. அக்கா வந்தாள். கையில் அரிவாள்மனையில் நறுக்கிய கத்தரிக்காய்த் துண்டு இருந்தது, அதைக்கூடக் கீழே வைக்காமல் வந்தாள். கொழுந்தனிடம் தலையை நிமிர்த்திப் பேசாதவள், அன்றைக்கு நேராகவே பார்த்துப் பேசினாள்.

"வாசல எழுதி வாங்கிக்கவா நான் கூட்டுறேன்? காத்தால உங்க பொண்டாட்டிக்குத் தாழ்ப்பாளத் தொறக்க முடியலைங்க. குழவியாலயோ எதாலயோ தட்டித்தட்டித் தொறக்குறா. அந்தச் சத்தம் செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்குக் கேக்குது. ஒரே வீட்டுல இருக்கிற உங்களுக்குக் கேக்கலியா?"

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த பேச்சு என்னைப் பற்றியதாக இருந்தது. "அக்கா சொல்றது நெசந்தாங்க" என்றேன். "அவங்க கூட்டட்டும். கை சரியானா நான் கூட்டிக்கிறேன். வாசல் எங்கேயும் ஓடிப் போயிடாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் இருக்கிறது. கோபம்கூட இல்லை அதில். களத்தில் நிற்கும்போது கூட நின்ற ஆள் எதிர்ப்பக்கம் போய்விட்டால் ஒருவன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். காய்ச்சலில் ஏர் பூட்டியவரிடம், நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க வாந்தியெடுத்துக்கொண்டு உழுதவரிடம், விட்டாலும் போகாத பொருள் ஒன்று உண்டு என்று யார் சொல்லிப் புரியவைப்பது? அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

தை பிறந்ததும் மறுபடி பஞ்சாயத்தைக் கூட்டினார். மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தாகிவிட்டது, நெல் களத்தில் இருந்தே வியாபாரிக்குப் போய்விடுகிறது, இனி வாசல் பொதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பிரித்துக் கொடுங்கள் என்றார். பெரியவர்களும் சரி என்றார்கள், தினம் ஒரு ரகளை வேண்டாம் என்று. மூத்தாரும் சரி என்றார். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. வீட்டுச் சுவர் முடிகிற இடத்திலிருந்து தெரு வரைக்கும், ஆள் உயரத்துக்கு மதில் எழுந்தது. சிமெண்டு காயாமல் பச்சையாக இருந்தபோதே இவர் அதைத் தடவிப் பார்த்து, "இனிமே எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

மதில் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது. முன்பு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அக்காவின் வாரத்தில் என் கைக்கு ஓய்வு. இப்போது முறை என்பதே இல்லை. பாதி வாசல்தான், ஆனால் தினமும் என் வாசல். பிரித்துக் கொடுத்து எனக்கு வேலையை இரட்டிப்பாக்கிவிட்டார் மனுஷன்! சொன்னேன். "சின்ன வாசல்தானே" என்றார். துடைப்பத்தைத் தினமும் எடுக்க வேண்டியவளுக்கு வாசல் சின்னதாக இருந்தால் என்ன, பெரிதாக இருந்தால் என்ன? எழுந்திருப்பது ஒன்றுதான், தாழ்ப்பாள் ஒன்றுதான், தண்ணீரின் குளிர் ஒன்றுதான்.

பிறகு நான் டாக்டர் சொன்னபடியே நடந்தேன். வெயில் ஏறின பிறகு வாசல் கூட்டினேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஊர் வாய் கொஞ்ச காலம் மென்றது, பிறகு வேறு வீட்டுக்குப் போயிற்று. நான் கூட்டுகிற நேரத்துக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் எப்போதோ தெளித்து உலர்ந்திருக்கும். விடியற்காலையில் படுத்தபடியே அக்கா கூட்டுகிற சத்தத்தைக் கேட்பேன். குட்டைத் துடைப்பத்தால் குனிந்து கூட்டுகிற சத்தம். மதில் வரைக்கும் வந்து நிற்கும்.

ஆட்சிகள் மாறி மாறி வந்தன. இலவசமாகத் தொலைக்காட்சி வந்தது, மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது. கிரைண்டர் வந்த அன்று என் கை இரண்டையும் கூப்பிக் கும்பிட்டேன், யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, முறை வைத்துத் திறந்துவிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் படித்து வெளிநாட்டுக்கும் சென்னைக்கும் போனார்கள். எந்த நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்தார்களோ அதில் இறங்க இரண்டு வீட்டிலும் ஒரு பிள்ளை இல்லை. மூத்தார் போனார். இவர் சுற்றிக்கொண்டு போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து இவரும் போனார். வயலுக்குப் போய்விட்டு வந்து தண்ணீர் கேட்டார், நான் இரண்டு கையாலும் செம்பை அணைத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிணம் தெருவைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். அதை நாளைக்கு என்று தள்ள முடியாது, ஆற அமர வெயில் ஏறட்டும் என்றும் இருக்க முடியாது. வந்திருந்த பெண்கள் குளிக்கக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அப்போது அக்கா வந்தாள். மதிலைச் சுற்றித் தெருவழியாக, ஈரப் புடவையோடு, கையில் வாளியோடு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்திலிருந்து தண்ணீரை வீசிவீசி ஊற்றினாள். அழுதுகொண்டேதான் ஊற்றினாள். அழுகையோடு திட்டவும் செய்தாள்.

"இந்த மனுசனுக்கு வரப்புன்னாத்தான் தெரியும். வேற ஒரு எழவும் தெரியாது. போயிட்டாரு பாரு, எல்லாத்தையும் இப்புடியே போட்டுட்டு."

துடைப்பம் தேடிக் கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். என் கழித் துடைப்பம் வந்தது. அதைப் புரட்டிப் பார்த்தாள். துணி சுற்றிய பிடியை அமுக்கிப் பார்த்தாள். சக்கரப் பலகையைக் காலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு நின்றுகொண்டே நாலு இழுப்பு இழுத்துக் கூட்டினாள். குனியவில்லை. கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தன வருசமாடி வச்சிருக்க இத?"

"ரொம்ப வருசமாச்சுக்கா."

"ஏன்டி, எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று சொல்லிப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். முட்டி இரண்டும் வீங்கிக் கோணிப்போயிருந்தன. "குனிஞ்சு குனிஞ்சே போச்சுடி எனக்கு. இப்பத்தான தெரியிது, நின்னுகிட்டும் கூட்டலாம்னு."

மூங்கில் கழி எங்கள் கொல்லையிலேயே கிடந்தது, பழைய புடவை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீடு பாதி கழுவினபடி கிடந்தது.

கருமாதி முடிந்து ஆட்கள் போன பிறகு மதிலை இடித்துவிடலாம் என்று பேசினோம். என் பையன் அடுத்த லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் பையன், இரண்டையும் சேர்த்து விற்றுவிட்டால் வாங்குகிறவன் இடித்துக்கொள்வான் என்றான். ஆள் வைத்து இடிக்க எங்களுக்கே தோன்றியது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. வயல் வேலைக்கே எங்கிருந்தோ வந்து நடுகிறார்கள். அதனால் மதில் அப்படியே நிற்கிறது. அக்காவுக்குக் கழித் துடைப்பம் கட்டிக் கொடுத்தேன். கொஞ்ச காலம் அவள் மதிலைச் சுற்றி வந்து என் வாசலையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் போனாள். வெயில் ஏறினபின் நான் போய் அவள் பாத்திரங்களை முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தேன். பிறகு அவளால் தெருவைச் சுற்ற முடியவில்லை. எனக்கும் அவள் வீட்டுப் படி ஏற முடியவில்லை. இப்போது மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. முகம் தெரியாது, சத்தம் போட்டுப் பேசிக்கொள்கிறோம்.

இன்றைக்கு வெயில் நன்றாக ஏறின பிறகும் அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் இல்லை. என் கை இன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை, என் வாசலும் கூட்டாமல்தான் கிடந்தது. பயந்துபோய் நாற்காலிக்கு வந்து கூப்பிட்டேன்.

"அக்கா! வாசல் தெளிக்கலியா?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "முட்டி மடங்கலடி. நீ?"

"எனக்கும் கை வரலக்கா."

அவள் சிரித்தாளா இருமினாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"இன்னிக்கு யாரு முறைடி?"

வெள்ளிக்கிழமையா என்று யோசித்துப் பார்த்தேன். "என் முறைதான்னு நெனைக்கிறேன்க்கா."

"கெடக்கட்டும் விடு" என்றாள்.